வாடை எந்தப் பக்கம்? பரணுக்கு நடக்கும் வழி பற்றி

வாசகர் கேள்வி, செப்டம்பர் 22

அண்ணா, விஸ்கான்சினுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. போன வருடம் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து வில் வேட்டைக்கு உரிமம் எடுத்தேன். நண்பர் ஒருவரின் நிலத்தில், காட்டுச் சரிவில், மரத்தோடு கட்டிய பரண் ஒன்று இருக்கிறது. பத்துத் தடவை ஏறினேன். ஏழு தடவை, மானை நான் பார்ப்பதற்கு முன்பே அது மூக்கால் "ஃபூ" என்று ஊதிவிட்டு, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. வாசமில்லாத சோப்பு, தெளிப்பான், வாடையை உறிஞ்சக் கரி வைத்துத் தைத்த சட்டை என்று இதுவரை 400 டாலர் செலவு. இன்னும் என்ன வாங்க வேண்டும்?

செப்டம்பர் 22, இரவு

ஒன்றும் வாங்க வேண்டாம். காரிலிருந்து பரண் வரை எந்த வழியாக நடக்கிறீர்கள்? ஒரு படம் வரைந்து போடுங்கள்.

செப்டம்பர் 23

படம் பார்த்தேன். கார் மேட்டில் நிற்கிறது. மேட்டில் சோளக்கொல்லை. கொல்லையின் கிழக்கு ஓரத்தோடு காடு தொடங்கிச் சரிந்து, அடியில் ஓடையில் முடிகிறது. பரண் சரிவின் நடுவே. நீங்கள் மூன்று மணிக்கு வந்து, கொல்லையின் கிழக்கு ஓரமாகவே 300 கெஜம் நடந்து, மேலிருந்து காட்டுக்குள் இறங்குகிறீர்கள்.

அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. ஓரமாக நடக்கிற அந்த 300 கெஜமும் உங்கள் வாடை சரிவுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பகலில் மான் படுத்திருப்பது அந்தச் சரிவின் மேல் பகுதியில்தான். முதுகுப் பக்கம் காற்று கொண்டுவருவதை மூக்கால் பார்த்துக்கொள்ளும், முன்பக்கம் பள்ளத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளும். நீங்கள் ஏணியில் கால் வைப்பதற்குள் கூத்து முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போயாயிற்று. மீதி மூன்று மணி நேரம் காலிக் கொட்டகைக்குக் காவல் இருக்கிறீர்கள்.

மேட்டு வழியை விடுங்கள். தெற்கே சாலை ஓரம் காரை நிறுத்தி, ஓடைக்குள் இறங்கி, அதன் வழியே மேல்நோக்கி நடந்து, பரணுக்கு நேர் கீழே வந்ததும் ஏறுங்கள். அரை மணி கூடும், பூட்ஸ் நனையும். நிலத்துக்காரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

செப்டம்பர் 25

"காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி நடந்தால் போதும்தானே" என்று இன்னொருவர் கேட்கிறார். நடக்கும்போது சரி. ஆனால் நடப்பது இருபது நிமிடம், உட்காருவது மூன்று மணி நேரம். இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

தமிழில் ஒரு வசதி. வடக்கிலிருந்து வரும் காற்றும் வாடை, உடம்பிலிருந்து வரும் நாற்றமும் வாடை. வடமேற்கிலிருந்து குளிர்காற்று புகுந்து வானம் வெளுத்த மறுநாள் மான் நன்றாக நடமாடும். அன்றைக்குப் பரணில் உட்கார்ந்தால் வாடையில் வாடை போகும். தென்றல், கொண்டல், கோடை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தவர்களின் பிள்ளைகள் இப்போது செயலியில் அம்புக்குறியைப் பார்த்துக் காற்றைத் தெரிந்துகொள்கிறோம். நானும் அப்படித்தான். அதில் ஏமாந்த கதை அப்புறம்.

அக்டோபர் 2

அம்புக்குறி மேட்டுக்கு மேலே வீசும் காற்றைச் சொல்கிறது. மரத்துக்குள், சரிவில், பள்ளத்தில் காற்று வேறு.

காற்றுப் பார்க்க, கடையில் மாவு அடைத்த சின்னப் பிதுக்கு புட்டி விற்கிறார்கள். பிதுக்கினால் வெள்ளையாகப் பறந்து இரண்டு மூன்று கெஜத்தில் மறைந்துவிடும். உங்கள் வாடை இரண்டு கெஜத்தோடா நிற்கிறது?

சாலை ஓரங்களில் மில்க்வீட் என்று ஒரு செடி நிற்கும். கிள்ளினால் பால் வரும். செப்டம்பர் கடைசியில் காய் பிளந்து பட்டுப்போல் பஞ்சு தள்ளும். முதல் தடவை பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம்ம எருக்குதான்! சின்ன வயதில் "தாத்தா பூச்சி" என்று துரத்திப் பிடித்து ஊதிவிடுவோமே, அதே பஞ்சு. ஒரு இழையைப் பிரித்துப் பரணிலிருந்து விடுங்கள். 50, 60 கெஜம் வரை கண்ணுக்குத் தெரியும். எங்கே நிற்கிறது, எங்கே சுழல்கிறது, எங்கே கீழே முங்குகிறது என்று உங்கள் வாடை போகிற வழியையே நடந்து காட்டும்.

இந்தப் பஞ்சுக்கு ஒரு போர்க்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜாவா ஜப்பான் கையில் போனதும், மிதவைச் சட்டைக்குள் அடைக்க இலவம் பஞ்சு கிடைக்கவில்லை. 1944-இல் பள்ளிப் பிள்ளைகளைச் சாக்குப்பையோடு அனுப்பி இந்தக் காயைப் பறித்துவரச் சொன்னார்கள். மிச்சிகனில் பெடாஸ்கி என்ற ஊரில் அதைப் பிரித்தெடுக்க ஆலை வைத்தார்கள். கடற்படைக்காரனை மிதக்க வைத்த பஞ்சு இப்போது என் சட்டைப் பையில் ஒரு மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிறது.

அக்டோபர் 3

திருத்தம். "நம்ம எருக்குதான்" என்றது அவசரம். ஒரே குடும்பம், பேரினம் வேறு. தாவரவியல் படித்த ஒருவர் கண்டித்திருக்கிறார், நன்றி. அவரே இன்னொன்றும் சொன்னார்: மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இந்தச் செடிதான் சாப்பாடு. நம்மூர் வெந்தய வரியன் எருக்கில் வளர்கிற மாதிரி. ஆகவே செடியைப் பிடுங்காதீர்கள். அக்டோபரில் அந்தப் பூச்சிகள் மெக்சிகோ நோக்கிப் போன பிறகு நாலு காய் எடுத்தால் ஒரு பருவத்துக்குத் தாராளம்.

அக்டோபர் 13

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொன்ன ஓடை வழியில் சனிக்கிழமை போனேன். பரணுக்கு அடியில் வருவதற்குள் மேலே மூன்று மான் ஊதியது. பூட்ஸும் நனைந்தது."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். காலை ஒன்பதரையாம்.

தப்பு என்னுடையது. மாலைக்கான வழியைச் சொல்லிவிட்டு, மாலை என்ற சொல்லை எழுதாமல் விட்டேன். என் மண்டைக்குள் மாலை இருந்தது, எழுத்தில் இல்லை.

நடந்தது இதுதான். பள்ளியில் கடற்காற்று, நிலக்காற்று படித்தோமே, அதன் அண்ணன் தம்பிதான் பள்ளத்தாக்குக் காற்றும் மலைக்காற்றும். வெயில் பட்ட சரிவு சூடாகும், அதை ஒட்டிய காற்று மேலே ஏறும். வெயில் போனதும் காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் சேரும். ஊட்டியில் உறைபனி மேட்டை விட்டுப் பள்ளத்துப் புல்வெளியில் வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான்.

உங்கள் சரிவு கிழக்குப் பார்த்தது. காலையில் முதல் வெயில் அதன் மேல்தான். ஒன்பதரைக்கு அந்தச் சரிவுக் காற்று முழுவதும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் அடியில் நடக்கிறீர்கள், மான் மேலே படுத்திருக்கிறது. அடுப்படியில் தாளித்தால் மாடியில் தும்மல் வருமா வராதா?

அதே சரிவு பிற்பகலில் சீக்கிரமே நிழலில் விழும். மூன்றரை, நாலுக்கெல்லாம் காற்று இறங்கத் தொடங்கிவிடும். அப்போது ஓடையில் நடந்தால் வாடை கீழேயே தங்கி, ஓடை போகும் திசையில், அதாவது நீங்கள் வந்த தெற்குப் பக்கமே திரும்பிப் போகும். ஓடையில் நீரோட்டத்துக்கு எதிராக நடக்கச் சொன்னதும் அதற்குத்தான்.

எதிர்ச்சரிவில் கணக்குத் தலைகீழ். மேற்குப் பார்த்த சரிவில் மாலை வரை வெயில் இருக்கும், காற்று இறங்க வெகு நேரமாகும். ஓடைக்கு அந்தப் பக்கம் நிலம் உள்ளவர்கள் நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் என்னைத் திட்டாதீர்கள்.

அக்டோபர் 14

இரவு முழுக்க யோசித்தேன். அந்தப் பரணில் காலையில் ஏறவே வேண்டாம். இருட்டோடு போய் ஏறிவிட்டாலும், வெயில் பட்டதும் உங்கள் வாடை மேலே ஏறும். கொல்லையில் மேய்ந்துவிட்டுத் திரும்பும் மான் படுக்க வருவதும் அதே மேல் பகுதிக்கு. காலைக்கு மேட்டு விளிம்பில் இன்னொரு பரண் பாருங்கள். காலையில் மானுக்கு மேலே, மாலையில் மானுக்குக் கீழே.

இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "கூலி". பிரெஞ்சுச் சொல், ஓடுவது என்று பொருள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினால் நம்ம அர்த்தமும் பொருந்தும்.

அக்டோபர் 20

எல்லாரும் கேட்பது, கேட்கக் கூச்சப்படுவது: "நம்ம சாப்பாட்டு வாசம் மானுக்குத் தெரியுமா?"

தெரியும். அதற்கு எல்லா வாசமும் தெரியும். முதல் வருடம் என் வேட்டைச் சட்டை சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. காட்டில் கொண்டுபோய் விரித்தால் பெருங்காயம் மணந்தது. "நீங்கள் போவது வேட்டைக்கா, பந்திக்கா?" என்று வீட்டில் கேட்டார்கள். அதிலிருந்து சட்டை கராஜில், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள். பெட்டிக்குள் கொஞ்சம் ஓக் சருகு.

ஆனால் பெருங்காயத்தைவிட என்னைக் காட்டிக்கொடுத்தது வியர்வை. பனிக்கோட்டை மாட்டிக்கொண்டு மேடேறினால் பரணில் உட்காரும்போது பனியன் பிழியலாம். தோலிலிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அது விருந்து, அதுகளின் வேலைதான் உங்கள் நாற்றம். இப்போது கோட்டு, கழுத்துத் துணி எல்லாம் பைக்குள். மெல்லிய பனியனோடு, குளிரக் குளிர, மெதுவாக நடப்பேன். மரத்தடியில் பத்து நிமிடம் நின்று ஆறிய பிறகுதான் மாட்டிக்கொள்வேன். சீக்கிரம் போக வேண்டுமென்றால் சீக்கிரம் கிளம்ப வேண்டும், வேகமாக நடக்கக் கூடாது.

கரிச்சட்டை பற்றி என் கருத்து: கெடுதல் இல்லை. துணி உலர்த்தியில் போட்டால் கரி புதிதாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். கரியைச் சுத்தமாகப் புதுப்பிக்கப் பல நூறு டிகிரி வேண்டும், வீட்டு எந்திரத்தில் அது வராது. மூச்சு விடுகிற வாய்க்கு எந்தச் சட்டை?

நடந்த வழியில் விட்டுவரும் வாடையும் உண்டு. நான் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பெட்டை மான் அதே தடத்தைக் குறுக்கே கடந்தது. நின்றது. முகர்ந்தது. முன்காலால் தரையைத் தட்டியது. அப்போது நான் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ்தான். அது முகர்ந்தது தரையை அல்ல என்று பிறகுதான் புரிந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு கிளை, நான் கையால் ஒதுக்கியது. அதிலிருந்து கோடையிலேயே நடைபாதையை வெட்டிச் சுத்தம் செய்துவிடுகிறேன், பருவத்தில் எதையும் தொடுவதில்லை.

அக்டோபர் 27

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: "மானைக் கொல்ல இவ்வளவு ஆராய்ச்சியா?"

நியாயமான கேள்வி. அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானைத் தொட்டால் சிறை, அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு வருடமும் 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உரிமம் வாங்குகிறார்கள், இன்னும் மான் குறையவில்லை. சிறுத்தை இல்லை, இந்தத் தெற்குப் பக்கம் ஓநாயும் அரிது. நான் வருடத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு எடுப்பேன், முழுக்கச் சாப்பாட்டுக்கு. இதற்கு மேல் வாதாட விருப்பமில்லை.

ஆனால் பரண் என்ற சொல்லை அவர் கிண்டல் செய்ததால் சொல்கிறேன். தாளவாடிப் பக்கம் என் தாத்தாவின் ராகிக் கொல்லையில் பரண் இருந்தது. யானைக்கும் பன்றிக்கும் இராக்காவல். தாத்தா அங்கே பீடி பிடிப்பார், தகரம் தட்டுவார், தீ மூட்டுவார், சத்தமாகப் பாடுவார். "நான் இருக்கேன், போயிடு" என்று மிருகத்துக்குச் சொல்வதுதான் அந்தப் பரணின் வேலை. காற்று தன் பக்கமிருந்து காட்டுக்குள் வீசினால் அவருக்கு நிம்மதி. "வாடை போவுது, இன்னிக்கு வராது" என்பார். காட்டுப் பக்கமிருந்து வீசினால் அன்று தூக்கமில்லை.

நான் ஐம்பது வயதில், வேறொரு கண்டத்தில், அதே மரத்தட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் கணக்கைப் பின்பக்கமிருந்து போடுகிறேன். பீடிப் புகையைப் பார்த்துக் காற்றைச் சொன்னாரே, அதுதான் பஞ்சுக்கு முன்னோடி. இங்கே பீடி மட்டும் கிடையாது.

நவம்பர் 4

நேற்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளினார்கள். சூரியன் நாலே முக்காலுக்கே இறங்குகிறது. காற்று இறங்கும் நேரமும் கடிகாரத்தில் முன்னே வரும், "மூன்றரை" என்று நான் எழுதியதைக் குருட்டுத்தனமாகப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் நிழலைப் பாருங்கள்.

மான் மூத்திரம் புட்டியில் வாங்கித் தெளிக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். மானுக்கு மூளையைத் தின்னும் ஒரு நோய் உண்டு, விஸ்கான்சினில் 2002-இல் கண்டுபிடித்தார்கள். அதைப் பரப்பும் புரதம் மூத்திரத்திலும் வரும், மண்ணில் பல வருடம் கிடக்கும். இயற்கை மூத்திரத்தைத் தடை செய்த மாநிலங்கள் உண்டு. நான் எடுக்கும் மானைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவோம்.

நவம்பர் 11

போகிற வழியைப் பற்றியே எழுதுகிறோம். திரும்பி வருகிற வழி?

இருட்டியதும் கொல்லையில் எட்டுப் பத்து மான் மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் பரணிலிருந்து இறங்கி விளக்கடித்துக்கொண்டு நடுவே நடந்தால், அன்றைக்குச் செய்ததெல்லாம் வீண். ஊதிவிட்டு ஓடும், அந்த இடத்தையும் நேரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாலை இப்படி ஆனால் அப்புறம் முழு இருட்டில்தான் வெளியே வரும்.

நான் போகும் இடம் ஒரு பால் பண்ணை. பண்ணைக்காரர் தினமும் டிராக்டரில் அந்தப் பக்கம் போவார். மானுக்கு டிராக்டர் புதிதல்ல, சும்மா ஓரமாக ஒதுங்கும். நான் பரணிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்புவேன். அவர் வண்டியைக் கொல்லை வழியாக ஓட்டிவந்து மரத்தடியில் நிறுத்துவார். மான் விலகிப் போன பிறகு இறங்கி ஏறிக்கொள்வேன். கூலி, டிசம்பரில் ஒரு டப்பா முறுக்கு. காரம் அதிகம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார், டப்பா காலியாகத்தான் வரும்.

டிராக்டர் இல்லாதவர்கள் காத்திருங்கள். மான் கொல்லையின் நடுவுக்கு நகர்ந்ததும் ஓடைப் பக்கம் இறங்குங்கள். பாதுகாப்பு வாரைக் கால் தரையைத் தொடும் வரை கழற்றாதீர்கள், இருட்டில் அவசரமாக இறங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

நவம்பர் 17

தம்பி எழுதியிருக்கிறார்: வியாழன் மாலை, ஓடை வழி, ஊதல் இல்லை. நாலரைக்கு ஒரு கொம்பு மான் 22 கெஜத்தில். வில்லை இழுப்பதற்குள் கை நடுங்கியதாம், விட்டுவிட்டாராம். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

ஆனால் அவர் எழுதிய ஒன்று என்னை யோசிக்க வைத்தது. அன்று காற்று அவருக்குச் சாதகமாக இல்லை, கிட்டத்தட்ட மானுக்குச் சாதகம். நவம்பரில் கொம்பு மான் பெட்டையைத் தேடி அலையும்போது காற்றைத் தன் மூக்குக்கு வைத்துக்கொண்டுதான் நடக்கும். "காற்று முழுக்க என் பக்கம்" என்று நான் தேர்ந்தெடுத்த நாட்களில் பெட்டையும் குட்டியும்தான் வந்தன, கொம்பு வரவில்லை. ஏன் என்று இத்தனை வருடம் கேட்டுக்கொண்டதே இல்லை. அதற்குக் காற்று பிடிக்காத இடத்துக்கு அது எதற்கு வரும்? அதற்கு "நல்லாயிருக்கு" என்று தோன்ற வேண்டும், உங்கள் வாடை அதன் மூக்கைப் பத்துப் பதினைந்து கெஜத்தில் தவறவிட வேண்டும்.

காற்றே இல்லாத நாள் நல்லது என்று எங்கோ எழுதியிருந்தேன். அதையும் வாபஸ் வாங்குகிறேன். மணிக்கு 3 மைல் காற்று எந்தப் பக்கமும் போகும். 10 மைல் காற்று சொன்ன சொல் கேட்கும்.

நவம்பர் 26

துப்பாக்கிப் பருவம் தொடங்கி நாலாம் நாள். எல்லாரும் ஆரஞ்சு உடையில். நான் வீட்டில்.

காரணம், நேற்று இரவு என் வேட்டைக் கால்சட்டையை வாசமில்லாத சோப்புப் போட்டுத் துவைத்து, பையைப் பார்க்காமல் உலர்த்தியில் போட்டுவிட்டேன். மாத்திரை டப்பா வேறு பையில் இருந்தது. இதில் இருந்தது இரண்டு முழுக்காய். இப்போது உலர்த்தி, அதன் குழாய், துணிக்கூடை, நாளைக்குக் கோயிலுக்கு எடுத்து வைத்த பட்டுப்புடவை எல்லாவற்றிலும் தாத்தா பூச்சி. ஹீட்டர் ஓடும்போதெல்லாம் கூடத்துத் துவாரத்திலிருந்து ஒன்றிரண்டு எழும்பி, சாப்பாட்டு மேசையைத் தாண்டி, படிக்கட்டில் ஏறி மாடிக்குப் போகிறது.

மாடியில் வீட்டம்மா இருக்கிறார்கள். நான் கீழேயே இருக்கிறேன்.